எண்ணெய்த் தலையோடு நின்ற தெரு

லோரோங் மெராந்தி என்ற தெரு மலாக்காவின் அலோர் காஜா ஊருக்கு வெளியே, ஒரு செம்பனைத் தோட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் லயங்களில் இருந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த மலிவு விலை வீடுகள், சரிவான நிலத்தில் ஒரே வரிசையாக நிற்கின்றன. பெரிய சாலையிலிருந்து உள்ளே வருபவர்கள் கடைசி வீடு வரை மேடேற வேண்டும். தண்ணீரும் அப்படித்தான் ஏறுகிறது. சாலையோரப் பெருங்குழாயிலிருந்து பிரியும் ஒரு சிறிய குழாய், எல்லாரும் லோங்காங் என்று சொல்லும் சாக்கடையை ஒட்டியே மேலே போகிறது. வழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிளை விட்டு, பாட்ரீசியாவின் வீட்டில் முடிகிறது.

இந்தக் கதைக்கு அந்தக் குழாயைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். குழாய்க்குள் தண்ணீரை மேலே ஏற்றுவது பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம். வழியில் யாராவது குழாயைத் திறந்தால் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். மிச்சம்தான் அடுத்த வீட்டுக்கு. அதனால் கீழ்வீட்டுக்காரர்களுக்கு வாளி சட்டென்று நிறையும். மேலே போகப் போகத் தண்ணீர் நூலாக மெலியும். ஆனாலும் நூல் அறுந்ததில்லை. பல வருடம் எல்லாருக்கும் ஏதோ வந்துகொண்டுதான் இருந்தது.

முதல் பம்பு மாரியம்மாவின் வீட்டில் வந்தது. கடைசிக்கு முந்தின வீடு. அவர் கணவர் தங்கையா பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஒரு நாளைக்கு எத்தனை முறை துடைத்துக் கழுவ வேண்டும் என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நூல் போல் வரும் தண்ணீரில் அது நடக்காது. மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பம்பை வைத்து, வீட்டுக்குள்ளிருந்து நீளமான வயர் இழுத்துச் செருகினார்கள். குழாயில் நேராகப் பம்பு வைப்பது விதிக்குப் புறம்பு. ஆனால் தங்கையாவைப் பார்த்த யாரும் அதைப் பேசவில்லை.

பம்பு தண்ணீரை உண்டாக்காது. இருப்பதைத் தன் பக்கம் இழுக்கும். மாரியம்மா வீட்டில் பம்பு ஓடும்போது அக்கம்பக்கத்தில் குழாய் இருமியது. அவர்களும் பம்பு வாங்கினார்கள். அவர்களால் அடுத்த வீடு, அடுத்த வீட்டால் அதற்கடுத்தது என்று பம்புகள் கீழே இறங்கி வந்தன. கடைசியில் சாலைமுனையில் இருக்கும் காந்தனும் ஒன்று வாங்கினார். தண்ணீர் எப்போதும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும், தேவையே இல்லை. ஆனால் தெருவில் எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருள் தன் வீட்டில் இல்லாமல் இருப்பது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வாங்கியதுதான் வாங்கினார், எல்லாரையும் விடப் பெரியதாக வாங்கினார்.

எல்லாரிடமும் பம்பு வந்த பிறகு யாருக்கும் முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் வரவில்லை. புதிதாக வந்தது வேறொன்று. பல பம்புகள் சேர்ந்து இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். உறிஞ்சுகுழலின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்ளுமே, அது போல. அப்போது எங்கே சின்ன விரிசல் இருக்கிறதோ அங்கே வெளியில் இருப்பதைக் குழாய் உள்ளே இழுக்கும். காந்தன் வீட்டுக்குச் சற்றுக் கீழே, லோங்காங்குக்குப் பக்கத்தில், அப்படி ஒரு தளர்ந்த இணைப்பு இருந்தது.

தெருவில் பம்பு வைக்காத ஒரே வீடு பாட்ரீசியாவுடையது. அதற்குக் காரணம் நேர்மை என்று சொன்னால் அவரே சிரிப்பார். மலாக்கா டவுனில் எலைன் என்பவர் நடத்தும் ஹோம்ஸ்டே விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுப்பது அவர் தொழில். கணவன் ஜோஷுவா சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு மாதம் ஒருமுறை வருபவன். பிள்ளைகளையும் மாமனார் சவரியப்பனையும் வீட்டை விட்டு நகராமல் கவனித்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான். வெள்ளைத் துணிக்குப் பம்பு இழுத்த தண்ணீர் ஆகாது. அது குழாயின் உட்சுவரில் இருக்கும் துருவையும் பெயர்த்துக்கொண்டு வரும். துருக்கறைக்குக் குளோரின் போட்டால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போட்டால் கறை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் பாட்ரீசியா வாசலில் ஒரு பெரிய நீலத் தொட்டி வைத்து, தெரு உறங்கும் நேரத்தில் மெல்லிய ஓஸ் குழாய் வழியாகச் சொட்டச் சொட்ட அதை நிரப்பினார். மெதுவாக வரும் தண்ணீர் துருவைத் தொந்தரவு செய்யாது.

அப்படியும் போன மாதம் சில விரிப்புகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. எலைன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"பாட்ரீசியா, கெஸ்டு படுக்கையில புள்ளியப் பார்த்தா போட்டோ எடுத்து போட்டுருவாங்க. எனக்கு அதுக்கு மேல பதில் கிடையாது. இன்னொரு தடவ ஆச்சுன்னா நான் டவுன்லயே மெஷின் டோபிகிட்ட கொடுத்துருவேன். சொல்லிட்டேன் ஆ."

தீபாவளி விடுமுறைக்கு ஹோம்ஸ்டே நிரம்பியிருந்தது. பண்டிகையன்று மதியம் வேன் வரும், அதற்குள் எல்லா விரிப்புகளும் தயாராக இருக்க வேண்டும். பாட்ரீசியா ஒரு வாரமாகத் தொட்டியை நிரப்பி, மூடிமேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டார்.

மற்ற நாள்களில் இந்தத் தெரு ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிப்பதில்லை. ஒருவர் இரவு வேலை முடிந்து வருவார், இன்னொருவர் தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடியுமுன்னே ஓடுவார். தேவைகள் கலைந்து கிடப்பதால் ஒரு சின்னக் குழாய் தாங்குகிறது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் எல்லா வீடும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காகக் குழாயைத் திறக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியல் விடிவதற்குள் முடிய வேண்டும். முந்தின நாள் வீட்டைக் கழுவி, வாசலைக் கழுவி, கூரைத் தொட்டிகளை எல்லாரும் காலி செய்திருப்பார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: முதலில் எண்ணெய், பிறகுதான் தண்ணீர். தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணெய் வைப்பவர்கள் உலகத்தில் யாரும் இல்லை.

அந்த விடியலில் பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. கொஞ்ச நேரம் தண்ணீர் வந்தது. பிறகு காற்று வந்தது. பிறகு எல்லா வீட்டுக் குழாயிலிருந்தும் லோங்காங் வந்தது.

முதலில் ஓடி வந்தது மாரியம்மா. நெற்றியில் எண்ணெய் வழிய, கையில் வாளி.

"பாட்ரீசியா, ஒரு வாளி கொடும்மா. ஒங்க அண்ணனுக்கு தலையில எண்ண வச்சி ஒக்கார வச்சிட்டேன். கண்ணுல எறங்குதுன்னு மனுசன் அழுவுறாரு."

பாட்ரீசியா செங்கல்லை எடுத்து வைத்துவிட்டு மொண்டு கொடுத்தார். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் ஒரு வாளி நிறைந்து போனால் அது எந்த வீட்டிலிருந்து போகிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். சற்று நேரத்தில் கேட்டுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு தலைகள் விளக்கொளியில் மின்னிக்கொண்டு நின்றன.

"என்னா எல்லாரும் மைனர் மாதிரி பளபளன்னு வந்திருக்கீங்க" என்றார் சவரியப்பன். அவர் அந்தக் காலத்தில் லோரி ஓட்டியவர்; இப்போது வாசல் நாற்காலியே அவருக்கு ஸ்டீயரிங். "போட்டோ எடுக்கவா?"

"சிரிக்காதீங்க அங்கிள்" என்றான் யுவனேஸ்வரன். எதிர்வரிசை இல்லாத தெருவில் அவன் வீடு நடுவில் இருந்தது. ஆவணியில்தான் கல்யாணமானவன்; வழக்கத்தை மாற்றித் தலைத்தீபாவளிக்கு இங்கேயே வந்துவிட்ட மாமனாரும் எண்ணெய்த் தலையோடு உள்ளே காத்திருந்தார். "மாமா என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு."

"ஒரு வீட்டுக்கு ஒரு வாளி போதும் தங்கச்சி" என்றார் காந்தன். "ஒனக்குத்தான் இன்னிக்கி குளியல் இல்லையே."

பாட்ரீசியா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இத்தனை வீட்டுக்கும் கொடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் விரிப்புகளில் பாதியைக்கூடத் துவைக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் துவைத்தால் புள்ளி. புள்ளி விழுந்தால் எலைன். கொடுக்காமல் கேட்டைச் சாத்தினால், நாளைக்குப் பிள்ளைகள் இதே தெருவில்தான் விளையாட வேண்டும்.

"எனக்கு மத்தியானம் வேன் வந்துரும் அண்ணே. இது குளிக்க வச்ச தண்ணி இல்ல, என் பொழப்பு."

"அதுக்காக நாங்க இப்படியே கோயிலுக்குப் போறதா?"

"எல்லாரும் பம்பு சுவிட்ச அடைச்சா தண்ணி தானா வரும்ல" என்றான் யுவனேஸ்வரன். "கொஞ்ச நேரம் கலங்கலா வரும், அப்புறம் கிளியர் ஆயிரும்."

"ஆமா லா, அதான் சரி" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். எண்ணெய் சொட்டியது.

யாரும் நகரவில்லை.

இதை விளக்குவது குழாயை விளக்குவதைவிடக் கொஞ்சம் கடினம். பம்பை நிறுத்தினால் தண்ணீர் வரும் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. மாதக்கணக்காகத் தெரியும். ஆனால் நான் நிறுத்தி நீ நிறுத்தாவிட்டால் என் பங்கு உன் தொட்டிக்குப் போகும். நான் நிறுத்தாமல் நீ நிறுத்தினால் எனக்கு லாபம். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது; நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாது. அதனால் நல்லவர்கள்கூட சுவிட்சைத் தொடாமல் நிற்பார்கள். அந்த நிமிடமும் கீழே எங்கோ பம்புகள் வெறுங்காற்றை இழுத்து முனகிக்கொண்டுதான் இருந்தன.

"யாரு வீட்டுது ஓடுது?" என்று கேட்டார் பாட்ரீசியா.

"நம்ம வீட்டுது இல்ல" என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன.

பாட்ரீசியா மொண்டு கொடுக்கும் சின்ன வாளியைக் கையில் எடுத்தார். தண்ணீர் கேட்டு நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"பம்பு வயரக் கழட்டிக் கொண்டாங்க" என்றார். "சுவிட்சு அடைக்கிறது இல்ல. வயரு. எங்கிட்ட கொடுத்துட்டு ஒரு வாளி வாங்கிட்டுப் போங்க."

முன்னால் வந்தவர்கள் வாளிகளைத் தரையில் வைத்தார்கள்.

"பாரு, டோபிக்காரி கஸ்டம்ஸ் ஆபிசர் ஆயிட்டா" என்றார் காந்தன்.

"ஆமாண்ணே. சாமான் காட்டாம உள்ள விட மாட்டேன்."

"ஏன், கர்த்தர் தாகத்துக்குத் தண்ணி கொடுக்கச் சொல்லலியா?"

"தாகத்துக்குத்தான் சொன்னாரு" என்றார் சவரியப்பன். "சீயக்கா தேச்சிக் குளிக்கிறதப் பத்தி ஒண்ணும் சொன்னதா ஞாபகம் இல்ல."

சிரிப்பு எழுந்தது. முதலில் போனவன் யுவனேஸ்வரன். மாமனாரைக் காக்க வைத்திருப்பவன் வேறு என்ன செய்வான்? மண் படிந்த வயரைச் சுருட்டிக் கொண்டுவந்து நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு வாளியோடு ஓடினான். ஒருவன் கொண்டுவந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்தவருக்குச் சுலபமானது. ஒரு வயர் நாற்காலியில் தொங்கும்போது அந்த வீட்டுப் பம்பு ஓட முடியாது. நிறுத்திவிட்டேன் என்று சொல்லும் வெறும் சொல்லுக்கு அந்த உறுதி இல்லை. முதலிலேயே வாளி வாங்கிப் போன மாரியம்மாவும் தன்னுடையதைக் கொண்டுவந்து போட, வயர்கள் குவிந்தன. சவரியப்பன் அவற்றின் நடுவில் பாம்பாட்டி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காந்தன் கடைசியில் வந்தார். சுத்தமான வெள்ளை வயர் ஒன்றை நீட்டினார். பாட்ரீசியா வாளியை நிரப்பிக் கொடுத்தார். காந்தன் கேட்டைத் தாண்டுவதற்குள் சவரியப்பன் கையை உயர்த்தினார்.

"காந்தா, கொஞ்சம் நில்லு. வெயில்ல மழையில கெடக்குற வயரு இம்புட்டு வெள்ளையா இருக்குமா? இது அயன் பாக்ஸ் வயரு மாதிரில இருக்கு."

கீழிருந்து ஒரே ஒரு பெரிய பம்பின் உறுமல் தெளிவாகக் கேட்டது.

"பொண்டாட்டி மாத்திக் கொடுத்துட்டா போல" என்றார் காந்தன்.

"ஐயோ பாவம், அண்ணி இப்ப எத வச்சி தேய்ப்பாங்க?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

பாட்ரீசியா சிரிக்கவில்லை. காந்தன் கையிலிருந்த வாளியை வாங்கித் தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றினார். "அந்த வயரும் வேணும்ணே" என்றார். காந்தன் காதெல்லாம் எண்ணெய் வடிய இறங்கிப் போனார். சற்று நேரத்தில் உறுமல் நின்றது, அந்த வயரும் குவியலுக்கு வந்தது.

குழாய் உடனே திருந்திவிடவில்லை. காலியான குழாய் முதலில் நிறைய வேண்டும், பிறகுதான் தள்ளும். வரிசையின் கடைசியில் இருப்பதால் உள்ளே புகுந்த சேறு பாட்ரீசியா வீட்டில்தான் வந்து தேங்கும். வெளியே போகவும் அதுதான் வழி. அவர் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, தொட்டியில் மிஞ்சியதை மெஷினுக்கு ஊற்றினார். குழாயில் பழுப்பு வந்தது, பிறகு தேநீர் நிறம், பிறகு வெளுத்த மஞ்சள். கோயிலுக்குப் போனவர்கள் திரும்பிப் பசியாறும் நேரத்தில், வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்தால்கூடக் கறை விழாத ஒரு நூல் வந்துகொண்டிருந்தது. ஆனால் நூல் நூல்தான். மெஷின் நிறைய வெகுநேரம் பிடித்தது.

வேனில் எலைனே வந்திருந்தார். காய்ந்து மடித்த விரிப்புகள் ஒரு பக்கம். ஈரம் போகாதவை இன்னொரு பக்கம், வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு.

"இது என்னா பாட்ரீசியா?"

"தண்ணி பத்தல. மீதிய சாயந்திரம் நானே பஸ்ஸுல கொண்டாந்து தரேன்."

எலைன் ஒவ்வொரு விரிப்பாக விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். புள்ளி இல்லை. இரண்டாவது முறையும் பார்த்தார்.

"கொறையிறத நான் சமாளிச்சிருவேன். ரெண்டு ரூம்ல பூப்போட்டதப் போட்டுக்கலாம்" என்றார். "புள்ளியத்தான் சமாளிக்க முடியாது. அடுத்த வாரமும் இப்படியே வெள்ளையா வருமா?"

பாட்ரீசியா நாற்காலியில் குவிந்திருந்த வயர்களைப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார்.

மாலையில் ஈரம் உலர்ந்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் முறுக்குத் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தட்டைக் கொண்டுவந்தவரும் வயர்க் குவியலைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை என்று சவரியப்பன் சொன்னார்.

பாட்ரீசியா குவியலைக் கிளறி, கறுப்பு டேப் சுற்றிய ஒரு வயரை எடுத்தார். அது மாரியம்மாவுடையது. தெரு முழுவதும் வாசலில் உட்கார்ந்து மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருக்கும் நேரம். அதை ஒளிக்காமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"வேணாம்மா" என்றார் மாரியம்மா. "எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்னுதான்க்கா இப்ப கொண்டாந்தேன். அண்ணனுக்குத் தண்ணி வேணும்ல. ஒரு பம்ப இந்தக் குழாய் தாங்கும்."

திரும்பி வந்தபோது கேட்டருகே காந்தன் நின்றிருந்தார். கையில் அதிரசத் தட்டு. தலை சுத்தமாக இருந்தது.

"அப்ப அவங்களுக்கு மட்டுந்தானா?" என்றார்.

"அவங்களுக்கு மட்டுந்தான்ணே. ஒங்களுது அங்கதான் இருக்கு. ரெண்டுமே இருக்கு." நாற்காலியைக் காட்டினார். "எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. நான் போலீஸ் இல்ல. கேட்டுக்குப் பூட்டும் கெடையாது."

காந்தன் உள்ளே வந்து தட்டைச் சவரியப்பன் கையில் கொடுத்தார். குவியலில் மேலாகவே கிடந்தது அவருடைய வயர், எல்லாவற்றிலும் தடித்தது. அதன் நுனியை எடுத்துப் பார்த்தார். பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தார். மத்தாப்பு கொளுத்துகிறவர்களில் இரண்டு மூன்று பேர் மத்தாப்பைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எடுத்தால் அடுத்து யுவனேஸ்வரன் எடுப்பான். பிறகு யாரும் கூச்சப்படப் போவதில்லை.

"அயன் பாக்ஸ் வயர மட்டும் எடுத்துக்கிறேன்" என்றார். "நாளைக்கி வேலைக்குப் போவணும். சட்ட தேய்க்கணும்ல."

வெள்ளை வயரைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். பாட்ரீசியா தொட்டியின் மூடியைத் திறந்து, ஓஸின் நுனியை உள்ளே விட்டார். பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பம்பு ஓடத் தொடங்கியது. கீழே வேறு சத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.